அவள் எழுதிய கேள்விகள்

“என் ஊட்டுலயே என்னைப் பேட்டி எடுத்தாங்க, சித்தி!”

மலைமேல் செம்மேட்டில் பஸ் கிளம்பும் முன்பே என் பின் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் வெடித்தாள். பக்கத்தில் மிளகு மூட்டையோடு அவள் சித்தி.

“நீயும் அவங்களோட வேலைக்குச் சேந்தவதானே கண்ணு?”

“அதைத்தான் நானும் கேட்டேன். யுனிவர்சிட்டியில டிசைன் திங்கிங் இன்டர்ன்ஷிப். ஊர்ச்சனங்க கஷ்டத்தைக் கேட்டு, அதுக்கு ஒரு வழி யோசிக்கோணும். நாலு பேருக்கும் ஒரே சம்பளம். கீழயிருந்து வந்த மூணு பேரையும் ஆலத்தூர் நாட்டுல நம்ம ஊருக்குக் கூட்டியாந்ததே நான்தான். வாசல்ல கால் வெச்சதும் என்னைய எதுத்தாப்புல உக்கார வெச்சு, ‘நீ மலைக்காரி, உன் கஷ்டத்தைச் சொல்லு’ங்கறாங்க.”

“கேள்வியாச்சும் ஒழுங்கா கேட்டாங்களா?”

“கேள்வி பூராவும் நான் எழுதிக் குடுத்தது, சித்தி!”

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியும் அவள் குரல் தணியவில்லை.

“கடைசிக் கேள்வி, ‘உங்களுக்குப் பெரிய தொந்தரவு எது?’ நீங்கதான்னு சொன்னேன்.”

சித்தி சிரித்துவிட்டாள். “மூஞ்சி சுருங்கிப் போச்சா?”

“சுருங்கியிருந்தாத்தான் பரவாயில்லையே! ‘அருமையான பதில்’னு மஞ்சச் சீட்டுல எழுதி, நம்ம ஊட்டுச் சுவத்துலயே ஒட்டிட்டுப் போயிட்டாங்க.”