எழுதும்போது மட்டும் மெதுவாக

படிக்கும்போது எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. எழுதும்போது மட்டும்தான். இந்த வித்தியாசத்தை யாரிடம் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் ஆட்டுகிறீர்கள். பரவாயில்லை. ஆனால் இது புரியாமல் மற்றது எதுவும் புரியாது என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், ஒயின் பீப்பாய்கள் இருக்கும் அறையில், ஒரு சேமிப்புப் பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே நான்கு ஹார்டு டிஸ்க். என் மேசை மாடியில். பெட்டியில் இருக்கும் வீடியோவை மாடியில் உட்கார்ந்து பார்த்தால் தடங்கல் இல்லாமல் ஓடும். அதே வீடியோவை மாடியிலிருந்து பெட்டிக்கு அனுப்பினால், அதாவது எழுதினால், ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளி நடப்பதுபோல் ஊரும்.

மாமனார் சாவைப் பற்றிப் பேச வந்தவன் இதை ஏன் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்: புராக் காற்று புயலாக அடித்தது, மின்சாரம் போனது, ஆக்சிஜன் மெஷின் நின்றது, கைவசம் இருந்த சிலிண்டர் தீர்ந்தது. புரா அடித்தால் கரண்ட் போவது இந்தத் தீவில் வழக்கம் என்பதால் தெருவே அதை ஒப்புக்கொண்டது. என் மனைவி தொன்காவும் ஒப்புக்கொண்டாள். ஆனால் அன்று எங்கள் வீட்டில் மின்சாரம் போகவே இல்லை. ஒரு பழுதுக்குத் தவறான காரணம் எழுத்தில் ஏறிக் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமல் நானே போலீஸைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம்.

நான் விங்கோவ்ட்ஸி ரயில் சந்திப்பில் சிக்னல் பழுது பார்த்தவன். அந்த வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியபின் சோதனை முடியும்வரை எதையும் தொடாதே. இதை மீறுகிறவன் ஏதோ சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடுவான். மறுநாள் அதே இடத்தில் ரயில் நிற்கும்.

மாமனார் யெர்கோ இந்தத் தீவின் குவாரியில் கல் வெட்டியவர். எங்கள் பிராச் தீவுக் கல் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதன் தூளும் அப்படித்தான். ஆயுசு முழுக்க அதைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போயிற்று. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தொன்கா சொன்னாள். நான் வேலையை விட்டுவிட்டு வந்தேன். அதாவது, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தேன். இங்கே அந்தச் சொல்லை எந்தக் குரலில் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

கேபிள் இழுத்திருந்தால் எந்தச் சிக்கலும் வந்திருக்காது. எங்கள் வீட்டுக் கல்சுவருக்குள் வை-ஃபை நுழையாது, அவ்வளவு தடிமன். துளை போட்டுத்தான் கேபிளைக் கொண்டுபோக வேண்டும். யெர்கோவிடம் கேட்டேன்.

"இந்தச் சுவத்துல பாதிக் கல்லு என் கையால வெட்டுனது மாப்பிள்ளை. ஓட்டை போட்டே ஆகணும்னா முதல்ல என் நெஞ்சுல போடு. அங்க ஏற்கெனவே பாதி வேலை முடிஞ்சிருக்கு" என்றார்.

அவரோடு சீட்டாட வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதனால் கரண்ட் கம்பி வழியாகவே நெட்வொர்க்கை அனுப்பும் இரண்டு குட்டிப் பெட்டிகளை வாங்கினேன். ஒன்றை மாடியில் சுவர் பிளக்கில் செருகினேன், இன்னொன்றைக் கீழே பீப்பாய் அறையில். பீப்பாய் அறைக்கு அடுத்த அறைதான் யெர்கோவுடையது. ஒரே சுவர், ஒரே கம்பி.

நான் சேமிப்பது ரயில்கள். எஞ்சினின் முன்கண்ணாடி வழியாக எடுத்த முழுப் பயணங்கள், நான் எடுத்தவையும் நண்பர்கள் அனுப்பியவையும். இதுவும் அவருக்கு நல்ல தீனி. "ரயிலே இல்லாத தீவுக்கு வந்து ரயிலு பாக்குறான். நாளைக்கு என் பீப்பாய் அறையில ஸ்டேஷன் கட்டிட்டு எனக்கே டிக்கெட்டு கிழிப்பான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குக் கோபமும் வந்ததில்லை.

எழுதும் வேகம்தான் என்னைச் சாகடித்தது. கோடை முழுவதும் அதுதான் என் வேலை. கேபிளை மாற்றினேன், அதே வேகம். டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், அதே வேகம். பெட்டியின் மெமரியைக் கூட்டினேன். அமைப்புகளை எல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டேன். இணையத்தில் கேட்டால், கரண்ட் கம்பியில் நெட்வொர்க் ஓட்டுகிறவனுக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று கேலி செய்தார்கள். சில நாட்கள் சாப்பாட்டு மேசையில் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. எரிச்சலில் பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப்பல் உடைந்தே போயிற்று.

"மெதுவா போனா போகட்டுமே. காலைல போட்டா சாயங்காலம் முடிஞ்சிடுது. அதுக்குள்ள நீ எந்த ரயிலப் புடிக்கணும்?" என்றாள் தொன்கா.

அவளுக்கு விளக்கிப் பயனில்லை. சாயங்காலம் முடிகிறதா என்பது கேள்வியே அல்ல. ஏன் மெதுவாகப் போகிறது என்பதுதான் கேள்வி. காரணம் தெரியாத ஒரு பழுதோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது நர்ஸ், அவளுக்கே தெரியாமல். யெர்கோவின் ஆக்சிஜன் மெஷினில் வடிகட்டியைக் கழுவ வந்தவள், மெஷினை நிறுத்திவிட்டு அவரைச் சிலிண்டரில் போட்டிருக்கிறாள். மாடியில் என் கண்முன்னே எழுதும் வேகம் ஒரே தாவாகப் பத்து மடங்கு ஏறியது. படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கினேன். "மாமனார் மேல எவ்வளவு பிரியம்" என்று நர்ஸ் சொன்னாள்.

விஷயம் எளிது. அந்த மெஷினுக்குள் இருக்கும் மோட்டார் கம்பியில் இரைச்சலைக் கொட்டுகிறது. நம் காதருகே யாராவது காபிக் கொட்டை அரைத்தால் எதிரே இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்காது. ஆனால் நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். கீழே இருக்கும் பெட்டிக்கு அதுதான் நடந்தது. அது சொன்னது எனக்குக் கேட்டது, நான் சொன்னது அதற்குக் கேட்கவில்லை. படிக்க வேகம், எழுத மெதுவு. எல்லாம் பொருந்தியது. அன்று நான் அழுதுவிட்டேன், மகிழ்ச்சியில்.

ஒரு முறை நடந்தால் அது தற்செயலாக இருக்கலாம். மறுபடி செய்து பார்க்க வேண்டும். யெர்கோவிடம் அனுமதி கேட்டேன். மறைத்துச் செய்யவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"உன் ரயிலு போறதுக்கு நான் மூச்ச நிறுத்தணுமா மாப்பிள்ளை?" என்று கேட்டு, சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "சரி, செஞ்சு பாரு. ஒரு மனுஷன் ராத்திரி பகலா கிடந்து தேடுனத நான் ஏன் கெடுக்கணும்."

செய்தேன். பிறகும் சில முறை செய்தேன், வேறு வேறு நேரங்களில். மெஷினை நிறுத்தினால் அதன் எச்சரிக்கை மணி வீல் என்று கத்தும். அவருக்கும் தொந்தரவு என்று அந்த மணியின் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். ஒவ்வொரு சோதனையும் சிலிண்டரில் கொஞ்சம் குடித்தது. இரைச்சலைத் தடுக்கும் பிளக் ஒன்றுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தேன். நிலைமையைச் சரிசெய்ய நான் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சிலிண்டர் வேகமாகக் குறைகிறதே என்று தொன்கா குழம்பினாள். புதியது வாங்கிவர அக்கரையில் இருக்கும் ஸ்ப்ளிட் நகரத்துக்குக் கப்பலேறினாள். அவள் போன பிறகுதான் புரா கிளம்பியது. மறுநாள் கப்பல் இல்லை. காலையில் போன் செய்தாள்.

"சிலிண்டர் கைல இருக்கு, கப்பல்தான் இல்ல. அப்பா மெஷின்லயே இருக்கட்டும். வீட்ல இருக்கிற சிலிண்டர நீ தொடவே தொடாத. கரண்டு போனாத்தான் அது. என்ன, கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

அதே காலையில்தான் என் பழைய டிஸ்க் இழுக்கத் தொடங்கியது. மாடி மேசையில் இருந்த வெளி டிஸ்க். விங்கோவ்ட்ஸியில் இருந்த காலத்தில் நான் எடுத்தது முழுவதும் அதில்தான், வேறு பிரதி இல்லை. உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்துவிட்டால் அதற்கு அதிக நேரம் இல்லை என்று அர்த்தம். அது கண்ணை மூடுவதற்குள் எல்லாவற்றையும் பெட்டிக்கு அனுப்பியாக வேண்டும். மெதுவான வேகத்தில் அனுப்பினால் பாதி வழியில் போய்விடும். ஒரு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

கீழே போனேன். யெர்கோ கட்டிலில் சாய்ந்து ரேடியோவில் காற்று நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, மறுபடியும் ரயிலா?"

"கொஞ்ச நேரந்தான் மாமா."

"தொன்கா வேண்டாம்னாளே."

"அவ வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

என் முகத்தைப் பார்த்தார். "பேய் அடிச்ச மாதிரி இருக்கியேடா. சரி, உன் ரயிலு போகட்டும். நான் உன் ஸ்டேஷன்லயே உக்காந்திருக்கேன்" என்று சொல்லி, மெஷினின் குழாயைத் தானே மூக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல நான் வரவில்லை.

சிலிண்டரின் குழாயை அவருக்கு மாட்டி, மெஷினை நிறுத்திவிட்டு மாடிக்குப் போனேன். அந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோடை முழுவதும் நான் கேட்டது அதைத்தான். திரையில் காட்டிய மீதி நேரமும் சிலிண்டரில் நான் போட்ட கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பிறகு சிறுசிறு கோப்புகள் வந்தன. எண்ணிக்கை அதிகமாகும்போது மீதி நேரம் நீண்டுகொண்டே போகும். அது என் பிழை அல்ல, எல்லாப் பெட்டிகளிலும் அப்படித்தான்.

அந்த டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போய் நேராகப் பெட்டியிலேயே செருகியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். தொன்காவும் நாளைக்கு இதைத்தான் கேட்பாள். செருகியிருக்கலாம். பெட்டியின் முன்பக்கமே அதற்கு இடம் இருக்கிறது. நெட்வொர்க்கே தேவைப்பட்டிருக்காது, மெஷினும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் அது சுற்றிக்கொண்டு போவது, சரிசெய்வது ஆகாது. அந்த வழி எனக்கு ஜூலை மாதத்திலேயே தெரியும். தெரிந்தே ஒதுக்கி வைத்திருந்தேன்.

பாதியில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறதா என்றால், இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடரவும் முடியும்.

யெர்கோ கைத்தடியால் தன் அறைக் கூரையைத் தட்டினார். அவர் கூரைதான் என் தரை. முதலில் மூன்று தட்டு. காபி வேண்டுமென்றாலும் அவர் மூன்றுதான் தட்டுவார். அதனால் காபி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நிறையத் தட்டினார், கணக்கில்லாமல். புராவில் ஜன்னல் கதவும் அடித்துக்கொண்டிருந்ததால் எது எதுவென்று பிரிப்பது கடினம் என்று சொல்லிக்கொண்டேன். சோதனை நடக்கும்போது எதையும் தொடக்கூடாது. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தேன். பிறகு தட்டல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. ஒன்று, வெகுநேரம் கழித்து இன்னொன்று.

ஒரு கோப்புகூடக் கெடாமல் எல்லாம் ஏறி முடிந்தது. கீழே இறங்கிப்போய் மெஷினைப் போட்டேன். குழாயைத் துடைத்து அவர் மூக்கில் மாட்டினேன், மணிக்குள் பேட்டரியையும் வைத்தேன். சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முன்பிருந்தபடியே வைக்க வேண்டும், அதுவும் ரயில்வேயில் கற்றதுதான். கரண்ட் போச்சா என்று கேட்டுக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மிச்சத்தை ஊர் எழுதிக்கொண்டது.

ஆகவே காரணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். மின்சாரம் இருந்தது. மெஷின் நல்ல மெஷின். நிறுத்தியவன் நான். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள். இன்னும் ஒரே ஒரு முறை தட்டியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அவர்தான் நிறுத்திக்கொண்டார்.