தொட்டுப் பார்க்கக் கூடாத சரக்கு

— கைய எடுங்க! புள்ள வயித்த அழுத்தாதீங்கன்னு வந்ததுலேர்ந்து சொல்றேன்.

— டாக்டரம்மா, நான் ஜவுளிக்கடைக்காரன். தொட்டுப் பார்க்காம ஒரு மீட்டர் துணிகூட எடுத்ததில்ல. இது வெறும் வாயு. மருந்தக் குடுங்க, வீட்டுக்குக் கெளம்பறோம்.

— ஸ்கேன்ல வலது கிட்னிப் பக்கம் கட்டி தெரியுது. வாயு இப்படி உருண்டு தெரண்டு உக்காராது. இன்னைக்கே அட்மிட் பண்ணணும்.

— ஆறு வயசுப் புள்ளைக்கு எப்படிங்க வரும்? எங்க வம்சத்துலயே கெடையாது.

— வம்சத்தக் கேட்டுட்டு வர்றதில்ல. யாரு செஞ்ச தப்பும் இல்ல.

— அப்பா, ஸ்கேன் எடுக்கறப்ப நான் அசையவே இல்ல. வெளிய நீங்கதான் ஆடிட்டு நின்னீங்களாம், நர்ஸக்கா சொன்னாங்க.

— நீ சும்மா இரு குட்டி. சரி டாக்டரம்மா, கட்டின்னே இருக்கட்டும். சாதாக் கட்டின்னு எழுதிக் குடுங்களேன்.

— பேருல தள்ளுபடி கெடையாதுங்க. இந்த வயசுல வயித்துக் கட்டி முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு கிட்னிக்குள்ளயே மொளைக்கும். இன்னொண்ணு கிட்னி மேல இருக்கற சுரப்பியிலயோ, முதுகெலும்பு ஓரத்து நரம்புலயோ மொளைக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே வீக்கம்தான், வைத்தியம்தான் வேற. அத உறுதி பண்ணத்தான் யூரின் டெஸ்ட். நெஞ்சுக்குப் பரவியிருக்கான்னு பார்க்க இன்னொரு ஸ்கேன்.

— ரெண்டுல எது தேவலாம்?

— மொதல்ல சொன்னது. அதுல முக்கால்வாசிக்கும் மேல கொழந்தைங்க குணமாயிடறாங்க. ஆனா அந்தக் கட்டியோட உறை மெல்லிசு. அழுத்தி ஒடைஞ்சா உள்ளயே சிந்திடும், வைத்தியமும் கடுமையாயிடும்.

— ஐயோ! இவ மாமா, சித்தப்பா, அத்தைன்னு வந்தவங்க எல்லாம் தொட்டுப் பார்த்தாங்களே...

— அத்தைய நான் கடிச்சு வெச்சிட்டேன்.

— சபாஷ்! எங்க வார்டுக்கு உன்னமாதிரி ஆள்தான் வேணும்.

— சிரிக்காதீங்க டாக்டரம்மா. நான் ஒத்துக்கவே மாட்டேன். பாவாடை இறுக்குதுன்னா, நாடாவத் தளர்த்திக் கட்டினேன். சாப்பாடு ஒடம்புல ஒட்டுது, அவ்வளவுதான். பெத்தவன் கைக்குத் தெரியாத கட்டியா? இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?

— தெரியும்ப்பா. நான் தூங்கறேன்னு நெனச்சு தெனமும் விரல வெச்சு அளந்தீங்களே. மொதல்ல மூணு விரல், இப்ப அஞ்சு. அத டாக்டர்கிட்ட சொல்லுங்க.