விற்றவனின் பெயர்

எழுபதுகளில் ஒரு காலை, பிராங்பேர்ட்டில் விசா நீட்டிக்கும் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு தமிழ் மாணவர்கள், ஒருவனும் ஒருத்தியும்.

"சர்நேம்னு அப்பா பேரைப் போட்டேன். இப்ப ஊரே என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுது," என்று அவன் சலித்துக்கொண்டான்.

"அப்பா பேருதானே? நான் தீசிஸுக்குப் படிக்கிற விளம்பரங்கள்ல, அம்மாவைத் தேடறவங்க அம்மாவை வித்தவன் பேரைத்தான் போட்டிருக்காங்க."

"யாரு?"

"அமெரிக்காவுல அடிமையா இருந்தவங்க. சிவில் வார் முடிஞ்சு விடுதலை வந்ததும் பேப்பர்ல தேடியிருக்காங்க. யார்கிட்ட இருந்தோம், யாருக்கு வித்தாங்க, அதுதான் அடையாளம்."

"கவர்ன்மென்ட் தேடித் தரலையா?"

"சண்டையில பிரிஞ்ச நாட்டை ஒட்டவெச்சுட்டோம்னு சொல்லிச்சு. ரயில்பாதை போட்டுச்சு. அம்மாவை அவங்கவங்களேதான் தேடிக்கணும். ஒருத்தி வருஷா வருஷம் அதே விளம்பரம் கொடுத்திருக்கா. அம்மா வயசை மட்டும் ஒவ்வொண்ணாக் கூட்டியிருக்கா."

"கடைசியா எவ்வளவு?"

"தொண்ணூத்தி மூணு. அதுக்கப்புறம் விளம்பரம் இல்ல."

"கெடச்சிருப்பாங்க," என்றான் அவன்.

உள்ளேயிருந்து அவன் அப்பாவின் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். அவன் உடனே போகவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிடட்டும் என்பதுபோல நின்றிருந்தான்.