ஒரு சொட்டும் வராதவள்

ரத்தம் எடுக்கும்போது வலிக்காது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான் என்பேன். பத்தொன்பது வருடங்களாக அந்த மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்துவதற்கு முன் பொய் சொல்கிறவனிடம் நோயாளி அடுத்த முறை கை நீட்டமாட்டான். விசாரணை அதிகாரியான உங்களுக்கு இதெல்லாம் தெரியாததா.

என் மனைவியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அவள் கெட்டவள் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. என் அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது மூன்று வருடம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவாள், சவரம்கூடச் செய்துவிடுவாள். "உன்னைவிட அவ கை மெதுவா இருக்குடா" என்பார் அப்பா. மற்ற பேச்செல்லாம் குழறும். இது மட்டும் தெளிவாக வரும்.

அப்பா இறந்த அன்று அவள் அழவில்லை.

வீடு கொள்ளாத கூட்டம். அக்கா தரையில் புரண்டு அழுதாள். வருடத்துக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத சித்தப்பா தேம்பித் தேம்பி அழுதார். இவள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன, பொட்டு ஈரம் இல்லை. நடுநடுவே பாட்டிலை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அப்பா கிடக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு.

அக்கா என் காதருகே வந்தாள். "பாத்தியாடா? மகராசிக்கு தாகம் எடுக்குதாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"அழுகை வருதுங்க," என்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சொற்கள் பிசிறின. "நெஞ்செல்லாம் அழுகையாத்தான் இருக்கு. கண்ணுலதான் வரமாட்டேங்குது."

யார் நம்புவார்கள்? கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மூன்று வருடமும் அப்பாவிடம் அவள் காட்டியது வெறும் நடிப்பு என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. என் வீட்டுக்குள்ளேயே என்னை ஏமாற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் அவளிடம் நான் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளே பரிசோதனைக் கூடத்தில் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள், கையில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், வாய் வறட்சி, மூட்டு வலி. உடம்பு தன்னையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனை எழுதியிருந்தார்கள். நானே ரத்தம் எடுத்தேன். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்" என்றேன். அந்த இரண்டு மாதத்தில் நான் அவளிடம் மென்மையாகப் பேசியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முடிவு பாசிட்டிவ். சந்தேகம் வந்து இன்னொரு முறை சோதித்துப் பார்த்தேன். அதேதான். ஷோகிரென் என்று அந்த நோய்க்குப் பெயர். நம்மைக் காக்க வேண்டிய ரத்த அணுக்களே ஆள் தெரியாமல் போய்க் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும். உள்ளே எவ்வளவு அழுதாலும் வெளியே வராது.

என் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அந்தத் தாளைக் கொடுத்தால் அவள் நிரபராதி. அப்படியானால் நான் யார்? அத்தனை பேர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டவன். அவளுக்காகப் பரிந்து பேச ஒரு தாள் வந்துவிட்டது, எனக்குப் பேச நாதி இல்லை. அவளும் என்னிடம் இறங்கி வரவில்லை. "அன்னிக்கு உங்க மனசு கஷ்டப்பட்டிருக்கும், மன்னிச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே உண்மையான அறிக்கையை அவள் கையில் கொடுத்திருப்பேன். சரி, அவள் கேட்கிறவரை பொறுத்திருப்போம் என்று முடிவு செய்தேன். நெகட்டிவ் என்று தட்டச்சு செய்தேன். கையெழுத்துப் போடும் பெரிய டாக்டர் கட்டுக்கட்டாக வரும் தாள்களில் என்னை நம்பித்தான் கையெழுத்துப் போடுவார்.

நான்கு வருடம் பொறுத்திருந்தேன்.

முதலில் பல் போனது. ஏழு பல். இனிப்பைத் தொடாதவளைப் பார்த்து, "சின்னப் பிள்ளை மாதிரி மிட்டாயா தின்னீங்க?" என்று பல் டாக்டர் திட்டினாராம். ரொட்டியை ஒரு கடி கடித்தால் ஒரு வாய் தண்ணீர் வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'தண்ணி டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லி அவளே சிரித்தாள். பிறகு பாடம் வாசிக்கக் குரல் எழும்பவில்லை, வேலையை விட்டாள். காலையில் இமை பிரியாது. ஈரத் துணியைக் கண்மேல் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் காத்திருப்பாள். நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் வருடம் மருத்துவர் மறுபடியும் அதே பரிசோதனையை எழுதினார். மறுபடியும் நெகட்டிவ். "ரிப்போர்ட்டெல்லாம் சுத்தமா இருக்கும்மா. மனசைத்தான் பாக்கணும்," என்று மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். வாய் உலரும், கண் உலரும் என்று மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருந்தது. படித்தேன். தினமும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், தண்ணீரோடு. அவளிடம் விட்டால் மறந்துவிடுவாள்.

"எல்லாரும் எனக்குப் பைத்தியம்னு நெனைக்கிறாங்க," என்றாள் ஒருநாள், மாத்திரையை விழுங்கிவிட்டு. "நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கற தைரியந்தான்."

இது மன்னிப்பில் சேருமா என்று யோசித்துப் பார்த்தேன். சேராது என்றுதான் பட்டது.

இடது கண்ணின் கருவிழியில் புண் வந்தது, ஓட்டை விழுந்தது, பார்வை போயிற்று. அதற்குப் பிறகுதான் வேறு ஊர்க் கண் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். அங்கே வலது கண்ணின் கீழ் இமையில் காகிதப் பட்டை ஒன்றைச் செருகி ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணீரில் பதினைந்து மில்லிமீட்டராவது நனைய வேண்டுமாம். ஒன்றுகூட நனையவில்லை. அங்கேயே ரத்தமும் எடுத்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்தது. இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது அதுதான். கட்டிய கணவன் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும்போது எவனோ ஒருவனிடம் போய்க் கை நீட்டியிருக்கிறாள். என்மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

சாப்பாட்டு மேசையில் புது அறிக்கையையும் என்னுடைய இரண்டையும் வரிசையாக வைத்தாள். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணால் என்னையே பார்த்தாள்.

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும். இல்லன்னா ஆள் மாறியிருக்கும். அப்படித்தானேங்க?"

நான் என்னுடைய இரண்டு தாள்களையும் நேராக அடுக்கி வைத்தேன்.

"தெரியாம நடந்துச்சுன்னு சொல்லுங்க. நான் நம்பிடறேன்."

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "தெரிஞ்சுதான்," என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. தண்ணீரை நகர்த்தி வைத்தேன். தொடவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்துதான் உங்களுக்குப் புகார் எழுதியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு அறிக்கைகளையும் மாற்றியது நான்தான். யாரும் தூண்டவில்லை. மாத்திரை என்ன செய்யும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். கண் போகும் என்றும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

மற்றபடி அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பார்த்தால் சொல்லுங்கள். வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடுவேன். அழக்கூட வேண்டாம்.