பின்னோட்டச் செம்மல் அடித்த மணி

மேடையில் வீற்றிருக்கும் நம் மின்வண்டி ஓட்டுநர் சங்கத்தின் தலைவர் அவர்களே! சார்ஜ் நிலையத்தின் உரிமையாளர் அவர்களே! எந்தப் பயணி எந்த வண்டிக்கு என்று பிரித்துத் தரும் சுற்றுலா அலுவலக மேலாளர் அம்மா அவர்களே! முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகளே! நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்பவர்களே! வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு மனதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கும் என் சக ஓட்டுநர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னை நீங்கள் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவீர்கள். அதனால் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவான் என்று தலைவர் நம்பியிருப்பார். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன்.

யாரைப் பற்றிப் பேசுவது? எங்கே தொடங்குவது? பேனரில் 'பின்னோட்டச் செம்மல்' என்று போட்டிருக்கிறோம். அண்ணன் இதைப் பார்த்திருந்தால், "ஏம்பா, நான் என்ன போர்ல இருந்தா பின்வாங்கினேன்?" என்று கேட்டிருப்பார். நமக்கு அவர் ரிவர்ஸ் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் அண்ணிக்கும் வங்கிக்கும் மட்டும்தான் தெரியும்.

வெளியிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். கோட்டைச் சுவருக்குள் இருக்கிறது நம் பழைய நகரம். அதற்குள் கார் வராது, பேருந்து வராது. ஒரு குடும்பத்துக்கு ஒரு மின்வண்டி என்று ஏற்றிக்கொண்டு மணிக்கூண்டு, பழைய நாணயச்சாலை, குதிரை லாயம், மேற்கு வாசல் என்று நாம்தான் சுற்றிக் காட்டுகிறோம். மணிக்கூண்டுச் சதுக்கத்திலிருந்து மேற்கு வாசலுக்கு ஒரே ஒரு குறுக்குவழி. அதற்குப் பெயர் கழுத்துச் சந்து. நூற்று நாற்பது அடி நீளம். வண்டி நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு கை அளவு இடம்கூட மிஞ்சாது. பக்கவாட்டில் இறங்க முடியாது. பின்னால் பயணிகள் ஏறும் படி வழியாகத்தான் இறங்கலாம். நடுவில் ஒரு வளைவு இருப்பதால் அந்த முனையில் நிற்பவனுக்கு இந்த முனை தெரியாது. நம் வண்டிக்கோ சத்தமே கிடையாது. எதிரே வண்டி வருவது மூக்கு இடிக்கும்போதுதான் தெரியும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் இரண்டு வண்டிகள் மோதி, ஒரு பயணியின் முழங்கால் உடைந்தது. அதற்குப் பிறகு மணிச் சட்டம் கொண்டு வந்தது யார்? அண்ணன்! நுழைவதற்கு முன் மணி அடிக்க வேண்டும், எதிர் முனையில் முதலில் மணி கேட்டால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஆளுக்கொரு மணியோசை என்று பிரித்துக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய மணி இரண்டு குட்டை, ஒரு நெட்டை. தூக்கத்தில் கேட்டாலும் நமக்குத் தெரியும்.

சட்டம் போட்டோம். மதித்தோமா? அவசரத்தில் நுழைந்துவிடுவோம். நடுச் சந்தில் இரண்டு வண்டி மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். அப்போது யார் பின்னால் போவது? எதிரே வந்தவர் அண்ணன் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தலையைத் திருப்பக்கூட மாட்டார். கண்ணாடியில் ஒரு பார்வை, கைப்பிடியில் ஒரு விரல், எழுபது அடியும் சுவரில் ஒரு கீறல் விழாமல் பின்னால் போய்விடுவார். பயணிகளிடம், "முன்னால போறப்ப ஊரு ஓடி ஒளியும். பின்னால போறப்பதான் அது நம்ம கூட வரும், பாருங்க" என்பார். புதிதாகத் திருமணமான ஒரு ஜோடி, காலையிலிருந்து பேசாமல் முறைத்துக்கொண்டு இவர் வண்டியில் வந்தது. அன்றைக்கு நான்கு முறை பின்னால் போக வேண்டி வந்தது. நான்காவது முறை அந்தப் பெண் சிரித்துவிட்டாள். போகும்போது கைகோத்துக்கொண்டு போனார்கள். மேலாளர் அம்மா, 'ரிவர்ஸ் போகும் வண்டிதான் வேண்டும்' என்று உங்களுக்கு எத்தனை பேர் எழுதிக் கேட்டார்கள், சொல்லுங்கள்!

இதுவரைக்கும் நான் தாளில் எழுதி வந்தது. இதற்கு மேலும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படிக்க முடியவில்லை.

ஏன் தெரியுமா? எனக்கு முன்னால் பேசிய தலைவர், "யானைக்கும் அடி சறுக்கும், சட்டம் போட்டவரே கடைசி நாளில் மணி அடிக்காமல் நுழைந்துவிட்டார், வயது அப்படி" என்றார். தலைவரைக் குறை சொல்லவில்லை. போக்குவரத்து அலுவலக அறிக்கையில் இருப்பதைத்தான் அவர் சொன்னார். ஆனால் அவர் அதைச் சொன்னபோது அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். மகளும் குனிந்துகொண்டாள். நான் இங்கிருந்து பார்த்தேன்.

அப்போதே எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. எங்கே போவது? முன்னால் மைக், பின்னால் பேனர், இந்தப் பக்கம் தலைவர், அந்தப் பக்கம் மாலையோடு அண்ணனின் படம். இறங்கும் படியிலோ நீங்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒன்பது நாளாக நான் இப்படித்தான் இருக்கிறேன். வீட்டில் சோற்றைப் பிசைகிறேன், உள்ளே போக மாட்டேன் என்கிறது. வண்டியை எடுக்கிறேன், கழுத்துச் சந்து வந்ததும் திருப்பிவிடுகிறேன். கோட்டைச் சுவரைச் சுற்றி முக்கால் மணி நேரம் போகிறேன். பயணிகள் கேட்டால் சந்தில் வேலை நடக்கிறது என்று சொல்கிறேன்.

அன்பர்களே! ஒரு கேள்வி கேட்கிறேன். ஓட்டுநர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள். இரண்டு குட்டை ஒரு நெட்டை கேட்டு, சந்து முனையில் நின்றவர் யாராவது இங்கே உண்டா? ஒரே ஒருவர்? கையைத் தூக்குங்கள்.

பார்த்தீர்களா! அடுத்தவன் மணி கேட்டால் நின்றோம். சங்கத்தில் சண்டை வருமே என்று நின்றோம். அண்ணன் மணி கேட்டால் நிற்கவில்லை. ஏன்? அவர்தானே, பின்னால் போய்விடுவார். இளிச்சவாயன் தோட்டத்தில் எல்லோரும் மாங்காய் பறித்த கதைதான். நல்லவர், நல்லவர் என்று இப்போது வரிசையாக வந்து புகழ்கிறோமே, அந்த நல்லதனத்தின் மேல் பன்னிரண்டு வருடம் நாம் வண்டி ஓட்டியிருக்கிறோம்!

அன்றைக்கும் அவர் மணி அடித்தார்.

ஆமாம். அடித்தார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. நெட்டை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. நான் மேற்கு வாசல் முனையில் இருந்தேன். என் காதில் விழுந்தது. அவர் மணி என்று தெரிந்தேதான் நுழைந்தேன்.

தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். "தம்பி, போதும், உட்காருப்பா" என்கிறார். மன்னியுங்கள் தலைவரே. இப்போது உட்கார்ந்தால் இனி என்னால் எழுந்திருக்க முடியாது.

வளைவில் எதிரெதிரே நின்றோம். என் வண்டியில் வயதான ஒரு கணவன் மனைவி. அவர் வண்டி காலி. பயணிகளை நாணயச்சாலை வாசலில் இறக்கி, "கொஞ்சம் நடந்து பாருங்க, வந்திடறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். காலி வண்டிக்கு என்ன அவசரம், பின்னால் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை. வலது கையைத் தூக்கி, 'நீ பின்னால் போ' என்று காட்டினார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அந்த ஒரு முறைதான்!

நான் என்ன செய்தேன்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் பின்னால் இருந்த அம்மா, "தம்பி, அவருக்கு உடம்பு சரியில்ல போலிருக்கே, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது" என்றார். நான் அவரிடம் சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இப்பப் பின்னால போவாரு பாருங்க, வேடிக்கையா இருக்கும்." அந்த அம்மாவின் கணவர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார். சொல்லவே வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதினோரு நிமிடம். அடுத்த முன்பதிவுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்குத் தெரியும். மருத்துவமனை எங்கே இருக்கிறது? மேற்கு வாசலில். என் முதுகுக்குப் பின்னால். அங்கே போகத்தான் அவர் வந்துகொண்டிருந்தார். பின்னால் போனால் சதுக்கம், அங்கிருந்து சுற்றினால் முக்கால் மணி நேரம். அதனால்தான் போகவில்லை. வாயைத் திறந்து சொல்லத் தெம்பு இல்லை. இறங்கி நடக்க வழி இல்லை. ஆறடி தூரத்தில் நான் இருந்தேன், நானும் வழிவிடவில்லை.

அவர் தலை சுவர்ப் பக்கம் சாய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய் ரிவர்ஸ் போட்டேன். அன்பர்களே, எனக்கு ரிவர்ஸ் வராது. பதினேழு வருட ஓட்டுநர்! ஆனால் சந்தில் பின்னால் போக எனக்கு என்றைக்காவது தேவை வந்ததா? எல்லா முறையும் அவரே போய்விட்டாரே! பத்தடி போவதற்குள் வண்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பயணிகளைப் பின்வழியாக இறக்கி, மருத்துவமனைக்கு ஓடிப் போய்ச் சொல்லச் சொன்னேன். நான் முன்கண்ணாடியின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தேன். அவர் கையைப் பிடித்தேன். அண்ணி, அண்ணன் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "வண்டிய நேராக்குடா" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. மருத்துவமனை ஆட்கள் தூக்குப் படுக்கையோடு வந்தபோது, குறுக்கே நின்ற என் வண்டியைத் தாண்டி வர அவர்களுக்கும் வழி இல்லை.

அன்று மாலை போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டார்கள்: "எதிர் வண்டி மணி அடிச்சுதா?" நான், "இல்லை" என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

அந்த ஒரு 'இல்லை' என்ன செய்தது என்று முந்தாநாள்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவின் வண்டியைத் தானே ஓட்டப்போகிறேன் என்று மகள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். விதியை மீறியவரின் அனுமதியை அவர் குடும்பத்துக்கு மாற்ற முடியாது என்று பதில் வந்திருக்கிறது. மணிச் சட்டத்தைக் கொண்டு வந்த மனிதர் மணிச் சட்டத்தை மீறினார் என்று முத்திரை குத்திய தாள்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அண்ணி ஏதோ சொல்ல எழுந்திருக்கிறார். கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

எல்லோருக்கும் கேட்டதா? பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். "மணி அடிச்சாருன்னு இங்க சொல்றீங்க. இங்க சொன்னா போதுமா? அங்க எழுதினது 'இல்லை'ன்னுதானே இருக்கு?" என்று கேட்கிறார்.

போதாது, அண்ணி.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டுக் கலைந்து போவோம். என்ன பணி அது? வழி விடுவது! அதை வாயால் தொடர முடியுமா? நாளைக் காலை முதல் நான் ரிவர்ஸ் போகக் கற்றுக்கொள்ளப் போகிறேன். வண்டி இருந்தால் வண்டியில். உண்மையை எழுதிக் கொடுத்தால் என் உரிமம் போகும். பொய்க் கையெழுத்துக்கு வழக்கும் வரலாம். என் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. மூன்றாவது வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், அவளும் இப்போதுதான் கேட்கிறாள். உரிமம் போனால் கழுத்துச் சந்தின் முனையில் நின்று, வருகிற ஒவ்வொரு வண்டியையும் "நில்லு" என்று சொல்ல எனக்குத் தொண்டை இருக்கிறது. கூட யார் நிற்பீர்களோ, நில்லுங்கள்.

ஆனால் அதெல்லாம் நாளைக்கு. இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். நான் கொண்டு வந்த தாளில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. அவர் மணி அடித்தார், நான் கேட்டேன், கேட்டும் நுழைந்தேன் என்று இங்கேயே, உங்கள் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். தலைவரும் மேலாளர் அம்மாவும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை அண்ணன் மகளின் கையில் கொடுக்கும்வரை தயவுசெய்து யாரும் எழுந்து போகாதீர்கள்.

தலைவரே, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.