வீடு பார்க்கப் போன லட்டு

இவ்வளவு நேரம் நம்ம குடியிருப்போட விதிமுறைகளைப் பத்திப் பேசினோம். பாதிப் பேர் கொட்டாவி விட்டுட்டீங்க, பார்த்தேன்! இருங்க... ஒரு சின்ன சம்பவம் சொல்லிட்டு மேல போறேன்.

சேலத்துல வசந்தராஜ், சுகன்யான்னு ஒரு தம்பதி. எனக்கு நல்லாத் தெரிஞ்சவங்க. குழந்தை இல்லை. லட்டுன்னு ஒரு நாய். கன்னுக்குட்டி சைஸுக்கு இருக்கும்! ஆனா குணம் தங்கம். இருந்த வீட்டை ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார். இவங்களும் தெருத்தெருவா அலையறாங்க. போன்ல "எங்ககிட்ட நாய் இருக்கு"ன்னு சொன்ன உடனே என்ன பதில் வரும்? "வீடு முடிஞ்சிருச்சுங்க!" டொக்.

சுகன்யா என்ன பண்ணுச்சு? "ஏங்க, இனிமே முன்கூட்டிச் சொல்லவே வேண்டாம். நேரா கூட்டிட்டுப் போயிருவோம். லட்டுவைப் பார்த்தா யாருக்குத்தான் பிடிக்காது?"ன்னுச்சு.

சிரிக்கிறீங்க... சிரிங்க. நானும் இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில புரோக்கர் முபாரக் ஒரு மாடி வீட்டைக் காட்டக் கூட்டிட்டுப் போறார். அங்க ஒரு குடும்பம் இன்னும் குடியிருக்கு. மாசக் கடைசியிலதான் காலி பண்றாங்க. மாடிப்படியில நாயைப் பார்த்ததும் முபாரக் திடுக்கிட்டுட்டார்.

"என்ன சார் இது? சொல்லவே இல்லையே!"

"பாய், இது ஒண்ணும் பண்ணாது பாய்."

கேட்டிருக்கீங்கல்ல இந்த வார்த்தையை? நாய் வச்சிருக்கிற எல்லாரும் சொல்றதுதானே?

கதவு சாத்தாம இருக்கு. உள்ள இருந்து ஒரு பொண்ணு குரல்: "வாங்க, பார்த்துட்டிருங்க. சாதம் வடிச்சிட்டு வந்துடறேன்!" அந்தப் பொண்ணு பேரு தேன்மொழி. புருஷன் கடைக்குப் போயிருக்கார். சமையக்கட்டுல அவளும், தரையில உக்காந்து டம்ளரை உருட்டி விளையாடுற ஒரு வயசுக் குழந்தையும்தான்.

இவங்க ஹாலுக்கு வந்தாச்சு. சுகன்யாவுக்கு ஒரே சந்தோஷம். "ஏங்க, இங்க கட்டில் போடலாம்... லட்டு இந்த ஜன்னலோரம் படுத்துக்கும்!" அதோட விட்டுச்சா? நாய் எவ்வளவு சமத்துன்னு காட்டணுமாம். லட்டு கழுத்துல இருந்த பெல்ட்டைச் சுகன்யாவே கழட்டி விட்டுருச்சு!

அடுத்தவங்க வீடுங்க... அடுத்தவங்க வீடு!

லட்டு வாசனை பிடிச்சுக்கிட்டு நேரா சமையக்கட்டுக்குள்ள போகுது. குழந்தையைப் பார்க்குது. வாலை ஆட்டிக்கிட்டே போய், அதோட மூஞ்சியை ஒரே நக்கு! குழந்தை சிரிக்குது. தேன்மொழி திரும்பறா. கையில கொதிக்கிற கஞ்சியோட பானை...

பானையைக் கீழ போட்டுட்டா. அத்தனை கஞ்சியும் அவ ரெண்டு கால் மேல.

எல்லாரும் ஓடறாங்க. "ஐயோ, கால்! கால்!"னு சுகன்யா கத்துது. தேன்மொழி கத்தினாளா? இல்லைங்க. "அம்மா"ன்னு ஒரு சத்தம் இல்லை. குழந்தையை வாரி எடுத்தா. குழாயைத் திறந்தா. சோப்பை எடுத்து அந்தப் பிஞ்சு மூஞ்சியைக் கழுவறா... கழுவறா... கழுவிக்கிட்டே இருக்கா. "நக்கிருச்சா? வாயில பட்டுச்சா? பல்லு பட்டுச்சா?" இதையே திரும்பத் திரும்பக் கேக்கறா. தன் கால் தோல் உரியறது அவளுக்குத் தெரியவே இல்லை!

முபாரக்தான் குடத்துத் தண்ணியை அவ கால்ல ஊத்திக்கிட்டே இருந்தார். வசந்தராஜ் நாயை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சுவரோரமா நிக்கறார்.

ஆஸ்பத்திரியிலதான் அவ புருஷன் சொன்னார். "அவளுக்கு ஒரு தம்பி இருந்தான் சார். வீட்டுல வளர்த்த நாய்க்குட்டி விளையாட்டா லேசாப் பல்லைப் பதிச்சிருச்சு. செல்ல நாய்தானேன்னு யாரும் கண்டுக்கலை. கடைசியில அவன் தண்ணியைப் பார்த்தே அலறி அலறி... போயிட்டான். இவ பக்கத்துல இருந்து பார்த்தவ."

சுகன்யா அங்கேயே தரையில உக்காந்துருச்சு.

மறுநாள் தேன்மொழியைப் பார்க்கப் போனாங்க. ரெண்டு காலுலயும் கட்டு. குழந்தைக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லியும் அவ கண்ணு குழந்தை மூஞ்சியை விட்டு நகரலை. "லட்டுக்கு ஊசியெல்லாம் போட்டிருக்குங்க"ன்னு சுகன்யா அழுதுக்கிட்டே சொல்லுது.

தேன்மொழி மெதுவாச் சொன்னா: "அது எனக்கு எப்படிங்க தெரியும்? வாசல்ல நின்னு நாய் இருக்குன்னு ஒரு குரல் குடுத்திருந்தா, நான் புள்ளையைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டிருப்பேன். நீங்க நாயோடவே வீடு முழுக்கச் சுத்திப் பார்த்திருக்கலாமே..."

திட்டலைங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்போம்னு வசந்தராஜ் எங்கிட்ட சொன்னார்.

அந்த வீட்டை அவங்க அப்புறம் கேக்கவே இல்லை. தேன்மொழிக்கு நடை சரியாகற வரைக்கும் சுகன்யாதான் தினமும் போய்ச் சமைச்சுக் குடுத்துச்சு. லட்டுவைத் தன் அண்ணன் வீட்டுல விட்டுட்டுத்தான் போகும்.

இப்ப என் பக்கம் பாருங்க. இதுல லட்டு மேல என்ன தப்பு? அதுக்குத் தெரிஞ்சது பாசம் ஒண்ணுதான். ஆனா நம்ம செல்லம் அடுத்தவங்களுக்கும் செல்லமா இருக்கணும்னு நாமளே முடிவு பண்ணலாமா? வாடகைக்குன்னு பலகை தொங்குதுங்கறதுக்காக அது நம்ம வீடு ஆயிருமா? உள்ள ஒரு குடும்பம் வாழ்ந்துட்டு இருக்குங்க... சோறு வடிச்சுக்கிட்டு, புள்ளையை வளர்த்துக்கிட்டு!

கேளுங்க. போகறதுக்கு முன்னாடியே கேளுங்க. "நாயைக் கூட்டிட்டு வரலாமா?" ஒரே கேள்வி. சரின்னா, பெல்ட்டைக் கையில சுத்திப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. இல்லை, ஒருத்தர் நாயோட கீழ நிழல்ல நில்லுங்க, ஒருத்தர் மேல போய்ப் பாருங்க.

"வேண்டாம்"னு சொன்னாங்கன்னா? அதோட விட்டுருங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க. வெளிய சொல்ல முடியாத காரணம் சில பேருக்கு இருக்குங்க...