நானூற்றுப் பதின்மூன்றாவது கோப்பு

மத்தியானம் சாப்பிட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும். அதனால் நீங்கள் இந்த நேரத்தில் உட்கார வைத்தது நல்லதாகப் போயிற்று. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

அந்த மருத்துவமனையில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் நான். யாருக்கு என்ன நோய், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் ஆளுக்கொரு கோப்பாக ஒரே ஒரு சர்வரில் இருந்தது. சர்வரை அணைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதனிடம் சொல்லிவிட்டு அணைக்க வேண்டும். சொன்னால் கையில் இருக்கிற வேலையை முடித்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்துவிட்டு, தானாகப் படுத்துக்கொள்ளும். சொல்லாமல் மின்சாரத்தைப் பிடுங்கினால் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும். அப்புறம் கோப்பு இருக்கும், அதன் பெயர் இருக்காது. பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

எங்கள் மேலாளர் பிடுங்குவார்.

அவர் அறையும் சர்வர் அறையும் ஒட்டியவை. மத்தியானம் அரை மணி நேரம் கண்ணயர்வது அவர் வழக்கம். சர்வரின் விசிறி இரைச்சல் அதைக் கெடுத்ததாம். மின்சாரம் போனாலும் தாங்குவதற்குப் பேட்டரி வைத்திருந்தேன். பேட்டரிக்கும் ஒரு பொத்தான் உண்டே, அதையும் அமுக்கிவிடுவார். மாதத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும். பத்துத் தடவை பிடுங்கினால் ஒன்பது தடவை சர்வர் தப்பித்துக்கொள்ளும். அந்தத் தைரியம் அவருக்கு. துப்புரவு வேலை பார்க்கிற அக்கா அவருக்கு 'மெயின் சுவிட்ச்' என்று பெயர் வைத்திருந்தார். "மெயின் சுவிட்ச் சாப்பிட்டு எழுந்தாச்சு தம்பி, ஓடு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், முதல் வருடம்.

சர்வரை வேறு அறைக்கு மாற்றச் சொல்லியும், தினமும் பிரதி எடுத்துவைக்க இன்னொரு பெட்டி கேட்டும் ஏழு கடிதம் எழுதினேன். ஏழுக்கும் பதில் இல்லை. நேரில் போய் நின்றேன். அறையில் டாக்டர்கள் நாலு பேர் இருந்தார்கள். "நீ என்ன பெரிய சர்ஜனா? ஒயர் மாட்டுற ஆளு. மாட்டிட்டுப் போ" என்றார். டாக்டர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

என் அப்பா இறந்த மூன்றாம் நாளும் சர்வர் படுத்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய போன். "அப்பாதான் போயிட்டாரே, இனிமே எங்க போகப் போறாரு? மெஷினை வந்து பாரு" என்றார். போனேன். சரிசெய்தேன். கோபத்தைக் காட்டவில்லை. நான் கோபப்படுகிற ஆளே இல்லை, என் மனைவியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். அன்றிலிருந்து நான் வீட்டில் பேசுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை மறுபடியும் பிடுங்கினார். இந்தத் தடவை சர்வர் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாள் அந்த அறையிலேயே இருந்தேன். கோப்புகளைச் சீர்படுத்துகிற நிரல் ஒன்று இருக்கிறது. கோணலாக இருக்கிற ஒவ்வோர் இடத்திலும் நின்று, 'சரிசெய்யவா?' என்று கேட்கும். அவசரக்காரன் ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போவான், மிச்சமிருப்பதும் போய்விடும். நான் ஒவ்வொரு கேள்வியையும் படித்துத்தான் பதில் சொன்னேன். யாருடையதென்று தெரியாத கோப்புகளை அந்த நிரல் தனியாக ஓரிடத்தில் போட்டு, பெயருக்குப் பதிலாக எண் வைக்கும். நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் அங்கே விழுந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு கிழவரின் சர்க்கரை அளவு. ஒரு குழந்தையின் எடை. தேதியையும் வார்டையும் டாக்டரின் எழுத்துநடையையும் வைத்து யாருடையது என்று கண்டுபிடித்து, பெயர் வைத்து, அதனதன் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த இரண்டு நாளும் யாரும் கதவைத் திறந்து "சாப்பிட்டியா?" என்று கேட்கவில்லை. மேலாளர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "இன்னுமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது.

கால் மணி நேரம் கழித்து, கண்ணாடிக்கு வெளியே ஒரு ஸ்ட்ரெச்சர் போனது. மேலாளர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். படுத்திருந்தது அவருடைய தங்கை. கடும் காய்ச்சல், நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒருமுறை அண்ணனுக்காகக் காத்திருந்தபோது என் அறையில் வந்து உட்கார்ந்தார். "எப்படிண்ணா இவர்கிட்ட வேலை பாக்குறீங்க? வீட்லயும் இப்படித்தான், நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே டிவியைப் பிடுங்கிடுவாரு" என்று சிரித்தார். நல்ல பெண். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

பத்து நிமிடத்தில் வார்டிலிருந்து நர்ஸ் போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, சாரோட தங்கச்சி முன்னாடி இங்க அட்மிட் ஆனவங்களாம். அவங்க ஃபைல் மட்டும் வரமாட்டேங்குது. ரிப்பேர் முடிஞ்சுதா?"

"சார்கிட்ட குடுங்க" என்றேன்.

மேலாளர் போனை வாங்கினார். "டேய், மெஷின் சரியாயிடுச்சா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"ஆயிடுச்சு சார்."

"அப்ப ஃபைல் இல்லைன்னா என்ன அர்த்தம்? ஒத்துக்காத ஊசின்னு அவளுக்கு எதுவும் இல்லைன்னுதானே?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். அந்த நொடியில் அவர் என்னை 'தம்பி' என்று கூப்பிட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அவர் "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே வார்டில் பென்சிலின் போட்டுத் தொண்டை வீங்கி, அந்தப் பெண் மயிரிழையில் பிழைத்திருந்தார். அப்போது கணவர்தான் கூட இருந்தார். இப்போது அவர் வெளியூர்ப் பயணத்தில், போனில் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு அந்த விவரம் தெரியாது; கத்துவார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையாம். பென்சிலினே போட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் மேலாளர் சர்வர் அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். "நான் பிடுங்கினதுலதான் அவ ஃபைல் போச்சு, இல்லையா தம்பி? நானே கொன்னுட்டேன், இல்லையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தண்ணீர் கொடுத்தேன். "மனசைத் தேத்திக்குங்க சார்" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. மறுவாரமே வேலையை விட்டுவிட்டார். வீட்டில் சாப்பிடுவதுமில்லை, தூங்குவதுமில்லை என்கிறார்கள். எனக்கு அது போதும். நான் பாட்டுக்கு இருந்திருப்பேன், உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன்.

ஆனால் மருத்துவமனையின் விசாரணை அறிக்கை வந்தது. நாலாம் பக்கத்தைப் பாருங்கள். 'சீர்படுத்தியவரின் கவனக்குறைவால் ஒரு கோப்பு மீட்கப்படாமல் விடுபட்டது.' இரண்டு நாள் ஊண் உறக்கம் இல்லாமல் செய்த வேலையைப் பற்றி இப்படி எழுத இவர்களுக்குக் கை எப்படி வந்தது?

அந்தப் பெண்ணின் கோப்பு விடுபடவே இல்லை. நானூற்றுப் பன்னிரண்டில் அது இல்லை. அவர் பிடுங்கிய பிறகும் அது அசையாமல், தன் பெயரோடு, தன் இடத்திலேயே இருந்தது. ஸ்ட்ரெச்சர் போன பிறகு, பதினொன்று பத்தொன்பதுக்கு, அதைத் திறந்தேன். பென்சிலின் கூடாது என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் பெயரை அழித்து, நானூற்றுப் பதின்மூன்று என்று எண் வைத்து, பெயரில்லாத கோப்புகள் கிடந்த இடத்தில் போட்டேன். சர்வரின் பதிவில் நேரம் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். என் வேலையில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது.